உபதேசத்தின் எடை

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் கோட்டையின் பாறை தொலைவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சிற்றூரில், பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே முற்றத்தை விட்டுத் திண்ணைக்கு ஏறத் தொடங்கியிருந்த வேளையில், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரின் புயத்தில் துணிப்பட்டையைச் சுற்றி, அது காற்றை வாங்கி விம்மிப் பின் மெல்லத் தளர்ந்து சிறு திரையில் 164 என்றும் 98 என்றும் இரண்டு எண்களைக் காட்டும்வரை பொறுமையோடு காத்திருந்த சுகாதாரத் தன்னார்வலர், அவ்வெண்களைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டிய கையோடு தம் மாதாந்தர உபதேசத்தையும் தொடங்கினார்.

“ஆத்தா, உப்பைக் குறைக்கணும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஒன்னும் வேணாம். எண்ணெய்ப் பலகாரம் வேணாம். காலையில அரை மணி நேரம் கைவீசி நடக்கணும்.”

“நான் நடக்காத நடையா தாயி? கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தே தேஞ்ச காலு இது.”

“அந்த நடை வேற ஆத்தா, இது வேற.”

ஆத்தா தலையசைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் உள்ளே சென்று, வெயிலில் வந்த பிள்ளைக்கென்று ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, “உப்புப் பாரு, போதுமா?” என்று கேட்டார். தன்னார்வலர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு கல்லு போடலாம் ஆத்தா” என்றார்.

அடுத்த வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாய் அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கியபின் எழுந்த கேள்வி எளிதில் அடங்குவதாயில்லை. ஊர் ஊராக, வீடு வீடாக, மாதந்தோறும் சொல்லப்படும் இந்த உபதேசத்தால், அதாவது உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, நட, புகையை விடு என்னும் இந்த நான்கு வாக்கியங்களால், ஜனங்களுடைய சரீரத்தின் பருமன் உண்மையிலேயே குறைகிறதா, இருதயத்துக்கு நேரவிருக்கும் ஆபத்து விலகுகிறதா, அல்லது சொன்னவருக்குச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியும் கேட்டவருக்குக் கேட்டுவிட்டோம் என்ற திருப்தியுமே மிச்சமா? நல்ல வார்த்தை நல்ல பலனைத் தரும் என்பது நம்முள் ஆழ ஊறிய நம்பிக்கையாதலால், இக்கேள்வியைக் கேட்பதே சிலருக்கு அபசாரமாகத் தோன்றக்கூடும். வைத்திய விஞ்ஞானம் அந்த அபசாரத்தைப் பல ஆண்டுகளாகத் துணிந்து செய்துவருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளுள் சில கசப்பானவை.

முதலில் நம் வீட்டு நிலவரத்தைப் பார்த்துவிடுவோம். 2020ஆம் ஆண்டு தமிழகத்தில் எடுக்கப்பெற்ற கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர் இரத்தக் கொதிப்பு உடையவர்கள். ஆனால் அவ்வாறு உடையவர்களுள் நூற்றுக்கு 7.3 பேருக்கு மாத்திரமே அது கட்டுக்குள் இருந்தது. பருமனைப் பற்றிய செய்தியும் ஆறுதலளிப்பதன்று. 2015-16இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாநிலத்துப் பெண்களுள் நூற்றுக்கு 30.9 பேர் மிகை எடையுள்ளவர்களாய் இருந்தனர். 2019-21இல் நடந்த அடுத்த ஆய்வில் அது 40.4 ஆயிற்று. இந்த நிலையில்தான், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்களால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. மருத்துவமனைக்கு நோயாளி நடந்தது போக, நோயாளியின் வாசலுக்கு மாத்திரை நடந்துவரலாயிற்று. 2023-24இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது, இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருந்தோர் நூற்றுக்கு 17 ஆகவும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்தோர் 10.8 என்பதிலிருந்து 16.7 ஆகவும் உயர்ந்திருந்தனர். ஏற்றம் மெய்யானது, பெருமைப்படத் தக்கதுங்கூட. ஆயினும், தன்னார்வலரின் பைக்குள் மாத்திரை, உபதேசம் என்று இரண்டு சரக்குகள் உண்டல்லவா? இந்த ஏற்றத்தை எது கொண்டுவந்தது?

இதற்கு விடை தேடுமுன், அனுபவம் என்னும் ஆசிரியர் நம்மை எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றுவார் என்பதை ஒரு கணம் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம் என்பது நம் உயரத்தைப்போல நிலைத்து நிற்கும் அளவன்று. இரவு தூக்கம் கெட்டால் ஏறும், படியேறி வந்தவுடன் அளந்தால் ஏறும், மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் ஏறும், பின் தானே இறங்கும். ஒரு முகாமில் ஆயிரம் பேரை அளந்து, எண் அதிகமாகக் காட்டிய இருநூறு பேரை மாத்திரம் பொறுக்கியெடுத்தோமானால், அந்த இருநூறில் பலர் அன்றைய தினம் தற்செயலாக அலையின் உச்சியில் இருந்தவர்களாவர். அவர்களுக்கு உபதேசம் செய்தாலும் சரி, செய்யாமல் ஊறுகாய் கொடுத்து அனுப்பினாலும் சரி, அடுத்த மாதம் அளக்கையில் அவர்களுடைய சராசரி சற்று இறங்கியே இருக்கும். ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்று இதற்குப் பெயர். பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் இதனை விளக்கினார். உபதேசித்த வைத்தியர் இறங்கிய எண்ணைக் கண்டு தம் வாக்கின் வலிமையை எண்ணி மகிழ்வது இயற்கையே. அந்த மகிழ்ச்சியைச் சோதிக்க ஒரே வழி, ஜனங்களைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உபதேசித்து, மறு பகுதியை அவர்கள் போக்கில் விட்டு, ஆண்டுகள் பல கழிந்தபின் இரண்டையும் ஒப்பிடுவதுதான்.

அப்படி ஒரு பரீட்சையை டென்மார்க் நாட்டார் கோபன்ஹேகன் நகரின் புறநகர்ப் பகுதியில் 1999ஆம் ஆண்டு தொடங்கினர். முப்பது முதல் அறுபது வயதுவரையுள்ள 59,616 பேர் அங்கே பதிவில் இருந்தனர். அவர்களுள் 11,629 பேரைக் குலுக்கலில் தேர்ந்து, பரிசோதனைக்கு வருமாறு அழைத்து, வந்தவர்களுக்கு இருதய நோய் வரும் சாத்தியம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லி, புகை, உணவு, உடலுழைப்பு, மது ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஏற்ற விதத்தில் தனித்தனியே ஆலோசனை கூறி, ஆபத்து மிகுந்தோருக்குக் குழுவாகவும் வகுப்புகள் நடத்தி, ஐந்தாண்டுக் காலத்தில் நான்கு முறைவரை இதைத் திருப்பிச் செய்தனர். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வைத்தியருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தை நினைத்துப் பார்த்தால், இது ராஜோபசாரம். அழைக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வந்தனர். வந்தவர்களுள் புகையை விட்டவர்களும் இருந்தனர். பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த கணக்கு 2014இல் வெளியாயிற்று: அழைக்கப்பட்ட பகுதியிலும் அழைக்கப்படாத பகுதியிலும் மாரடைப்பு ஏறக்குறைய ஒரே அளவு, பக்கவாதம் ஒரே அளவு, மரணமும் ஒரே அளவு.

இது தனிப்பட்ட ஒரு நாட்டின் துரதிருஷ்டமன்று. அமெரிக்காவில் ஆபத்து மிகுந்த 12,866 ஆண்களை ஏழாண்டுக் காலம் கண்காணித்து 1982இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சியிலும், உபதேசமும் சிகிச்சையும் பெற்றோருக்கும் தம் வழக்கமான வைத்தியரிடம் விடப்பட்டோருக்கும் இருதய நோய் மரணத்தில் கணிசமான வேற்றுமை காணப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், விடப்பட்டவர்களும் பத்திரிகை படித்தும் பக்கத்து வீட்டைப் பார்த்தும் தாமாகவே புகையைக் குறைத்துக்கொண்டிருந்தனர். இவ்வகைப் பரீட்சைகள் 55ஐ ஒன்றுசேர்த்து 2011இல் செய்த தொகுப்பாய்வும், பொதுவான ஜனங்களிடையே இத்தகைய ஆலோசனை மரணத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறிற்று. இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ ஏற்கெனவே உடையவர்களிடம் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. அந்த விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

வார்த்தை ஏன் சரீரத்தில் இறங்குவதில்லை? சோம்பல் என்றும் நாக்கின் அடிமைத்தனம் என்றும் நாம் எளிதில் பழி போட்டுவிடுகிறோம். புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு வேறு விதமாய் விளக்கலாம். கண்மாயில் நீர்மட்டம் இறங்க இறங்க, மடையைக் காப்பவர் மடையை இறுக்குவார். வரத்துக்கால் எங்காவது தூர்ந்திருக்கிறதா என்று மண்வெட்டியோடு ஓடுவார். நம் சரீரமும் அப்படித்தான். 1994இல் கண்டறியப்பெற்ற ‘லெப்டின்’ என்னும் சுரப்பு, நம் கொழுப்பு அணுக்களிலிருந்தே கிளம்பி மூளைக்குச் சென்று, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறது. பத்தியத்தால் கொழுப்பு குறைந்ததும் அந்தச் செய்தி மெலிகிறது. மெலிந்ததும் மூளை பஞ்சம் வந்துவிட்டதென்று முடிவுகட்டிப் பசியைத் தூண்டுகிறது, சக்தியின் செலவையும் சுருக்குகிறது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு கலோரி அளவுக்குப் பசி ஏறுகிறது என்பது ஒரு கணக்கு. நூறு கலோரி என்றால் ஒரு சிறு தோசை. பத்துக் கிலோ இறக்கிய மனிதர், தினந்தோறும் பத்துத் தோசைக்கான பசியோடு, தோசைக்கல்லின் ஓசையைக் கேட்டபடி வாழ்நாள் முழுதும் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘மனக்கட்டுப்பாடு வேண்டும்’ என்று அவருக்கு உபதேசிக்கிற நாம், அவர் எதனோடு மல்லுக்கு நிற்கிறார் என்பதை அறிந்து சொல்கிறோமா?

அமெரிக்காவில் சர்க்கரை நோயும் பருமனும் உடைய 5,145 பேரிடம், பணத்தையும் நேரத்தையும் தாராளமாய்ச் செலவிட்டு, வாரந்தோறும் அழைத்துப் பேசி, முதல் ஆண்டில் எடையில் நூற்றுக்கு 8.6 பங்கு குறைத்துக் காட்டினார்கள். பத்தாண்டை நெருங்கும்போது அது 6 பங்காய்ச் சுருங்கிற்று. மாரடைப்போ கணிசமாகக் குறையவில்லை; 2012இல் அந்த ஆராய்ச்சியை முன்கூட்டியே முடித்துவிட்டனர்.

இவ்வளவும் படித்துவிட்டு உபதேசத்தை மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவெடுப்பவர், சென்னையில் நடந்ததைக் கேளாமல் எழுந்து போகலாகாது. டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் வாசற்படியில் வந்து நிற்கிற 531 பேரைக் குளுக்கோஸ் பரிசோதனையால் கண்டெடுத்து, அவர்களை நான்கு பகுதியாக்கினர். ஒரு பகுதிக்குப் பொதுவான வார்த்தை மட்டும். ஒரு பகுதிக்கு உணவையும் நடையையும் பற்றி நேரிலும் மாதந்தோறும் தொலைபேசியிலும் விடாத ஆலோசனை. ஒரு பகுதிக்கு மெட்பார்மின் மாத்திரை. மற்றொரு பகுதிக்கு இரண்டும். 2006இல் வெளியான முடிவுப்படி, மூன்றாண்டில் முதற்பகுதியில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகளாயினர். ஆலோசனை பெற்ற பகுதியில் 39.3 பேர், மாத்திரை பெற்ற பகுதியில் 40.5 பேர், இரண்டும் பெற்ற பகுதியில் 39.5 பேர். அதாவது, இங்கே வார்த்தை மாத்திரைக்குச் சமமான எடை பெற்றிருந்தது. ஏறக்குறைய ஆறு பேருக்கு மூன்றாண்டு ஆலோசனை கூறினால் ஒருவர் அந்நோயிலிருந்து தப்பினார். வைத்திய உலகில் இது மிக நல்ல பேரம்.

இதைவிட வியப்பான செய்தி, ஆலோசனை பெற்றவர்களின் சரீர எடை குறையவில்லை என்பது. எடை குறையாமலே நோய் விலகிற்று! மேனாட்டார் எடையைத் தராசில் வைத்துக் கிலோவில் அளந்த வெற்றியை நம்மவர் உடல் வேறெங்கோ ஒளித்துவைத்திருந்தது. அதற்குக் காரணம் நம் உடலமைப்பிலேயே ஓரளவு இருக்கிறது. புனே நகரத்து டாக்டர் யாக்னிக்கும் ஆங்கிலேயரான டாக்டர் யுட்கினும் 2004இல் தம் இருவர் படத்தையே அருகருகே அச்சிட்டு வெளியிட்டனர்: உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் குறியெண் இருவருக்கும் ஒன்றே, 22.3, ஆனால் சரீரக் கொழுப்பு ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, இந்தியருக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆகையால்தான் அந்தக் குறியெண் 23ஐத் தாண்டினாலே நம்மவர் விழித்துக்கொள்ள வேண்டும் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்றும் வகுத்திருக்கிறார்கள். வாசலில் வரும் தன்னார்வலரின் பையில் தராசுக்குப் பதிலாகத் தையற்காரரின் அளவு நாடா ஒன்று இருந்தால், அது அதிக விஷயம் சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

அதே ராமச்சந்திரன் குழுவினர், பின்னர் 537 ஆண்களுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தனர். இரண்டாண்டில், செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 18 பேரும் பெறாதோருள் 27 பேரும் நோயாளிகளாயினர் என்று 2013இல் எழுதினர். ஆனால், பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரைக் குளுக்கோஸ் பரிசோதனையை முன்வைக்காமல், கேள்வித்தாளின் மதிப்பெண்ணால் தேர்ந்து, ஊருக்குள்ளேயே குழுக்கள் அமைத்துப் பேசவைத்தபோது, இரண்டாண்டில் கிடைத்த வேற்றுமை 17.1க்கும் 14.9க்கும் இடையிலான சொற்பமே. தற்செயலென்று ஒதுக்கத் தக்க அளவே. ஒன்று தெளிவாகிறது: நோயின் விளிம்பில் நிற்பவரைச் சரியாகப் பொறுக்கியெடுத்து, மறுபடி மறுபடி அணுகினால் வார்த்தை மருந்தாகிறது, வலையை அகல விரித்து எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளித்தால் நீர்த்துப்போகிறது. மாத்திரைக்கு மில்லிகிராம் இருப்பதுபோல உபதேசத்துக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்குக் கீழே அது பஜனைதான்.

காலமும் ஒரு மருந்தளவே. சீனத்தில் தாசிங் என்னும் நகரத்தில் 1986இல் இவ்வாறே விளிம்பில் நின்ற 577 பேரைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், ஆறாண்டு ஆலோசனையோடு நிறுத்திவிட்டு, முப்பதாண்டு கழித்துப் பார்த்தார்கள். ஆலோசனை பெற்ற பகுதியில் சர்க்கரை நோய் ஏறக்குறைய நான்காண்டு தாமதித்து வந்திருந்தது. இருதய, இரத்தநாள நோய்கள் நூற்றுக்கு 26 பங்கு குறைந்திருந்தன. ஆயுள் சராசரியாய் ஒன்றரை ஆண்டுக்குச் சற்றே குறைவாக நீண்டிருந்தது. டென்மார்க்கார் பத்தாண்டில் தேடிக் கிடைக்காத இருதயப் பலன், சீனருக்கு முப்பதாண்டில் கிட்டிற்று. ஐந்தாண்டுக்கொரு தேர்தல் நடத்தும் தேசத்தில் இத்தகைய பலனுக்கு யார் காத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

இனி நம் திண்ணைக்குத் திரும்புவோம். ஆத்தாவின் நிலை விளிம்பன்று. கொதிப்பு வந்தே விட்டது. முன் சொன்ன விதிவிலக்கில் அடங்கும் அவரைப் போன்றவர்களைக் குறித்து நமக்கு மிக அருகிலிருந்து ஒரு சான்று உண்டு. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் மூன்றிலும் முப்பது கிராமப் பகுதிகளில் இரத்தக் கொதிப்புடைய 2,645 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, வீடு சென்று, அளந்து, அறிவுரை கூறி, மருந்து தேவைப்பட்டோரைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பிவைத்தார்கள். இரண்டாண்டில், அப்படிச் செய்யாத பகுதிகளைக் காட்டிலும் மேல் அழுத்தம் 5.2 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிற்று. ஐந்து மில்லிமீட்டர் அற்பமாய்த் தோன்றலாம். ஆனால் அவ்வளவு இறக்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் விபத்துகள் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறையும். அங்கே எது பலித்தது, வார்த்தையா மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல இயலாது. வார்த்தை மாத்திரையை விழுங்கவைக்கிறது, மாத்திரை வார்த்தைக்கு வீட்டுக்குள் இடம் பிடித்துக் கொடுக்கிறது என்றே நான் கருதுகிறேன். மாதந்தோறும் வாசலுக்கு வருபவர் முகத்துக்காகவாவது மாத்திரை தவறாது விழுங்கப்படுகிறது. உப்பைக் குறை என்ற சொல் உப்பைக் குறைக்காவிட்டாலும், சொல்லப்படும் சமயத்தில் ஆத்தாவின் கையில் அட்டை வந்து சேர்ந்துவிடுகிறதே.

ஆயினும் உப்பை அப்படியே விட்டுவிடுவதா? லண்டனில் ஜெப்ரி ரோஸ் என்னும் அறிஞர் 1985இல் எழுப்பிய கேள்வி இங்கே பொருந்தும். இந்த மனிதருக்கு ஏன் கொதிப்பு வந்தது என்று கேட்பது ஒன்று. இந்த ஊருக்கே ஏன் இவ்வளவு கொதிப்பு என்று கேட்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை தனி மனிதரின் காதில் கிடைக்காது. ஊரின் கடையிலும் கொல்லையிலும் சாலையிலும் கிடைக்கும். சீனக் கிராமங்கள் 600இல், 20,995 பேரைக் கொண்டு நடந்த பரீட்சை இதை அழகாய்க் காட்டிற்று. பாதிக் கிராமங்களுக்கு, உப்பின் கால்பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிய கலவையை இலவசமாய்க் கொடுத்தார்கள், அவ்வளவே. நாக்கு அதிகம் முணுமுணுக்கவில்லை. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது என்று 2021இல் அறிவித்தனர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த உப்பு ஆகாது. அதைக் கவனித்தே கொடுக்க வேண்டும். ஆனால், ஆத்தாவின் மோரில் விழும் அந்த ஒரு கல் எந்த ஜாடியிலிருந்து விழுகிறது என்பதை மாற்றினால், உபதேசிக்க வேண்டிய வார்த்தைகளில் ஒன்று குறையும்.

எண்ணெய்க் கதை இன்னும் சுவையானது. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக் கொல்லைகளில் கடலை விளையும் இம்மாவட்டத்தில், நியாய விலைக் கடையில் மாதந்தோறும் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டு 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாமாயிலில் இருதயத்துக்கு ஆகாத பூரிதக் கொழுப்பு ஏறக்குறையச் சரிபாதி. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஏழை வீட்டு வாணலியில் எந்த எண்ணெய் காயும் என்பதை விலையே தீர்மானிக்கிறது. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை எண்ணெயை நீட்ட, மறு கை அதைக் குறைக்கும்படி ஆள் அனுப்புவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பாமாயில் வந்திராவிட்டால் பல வீடுகளில் தாளிப்பே இருந்திராது. ஆனால் ஒரு பாக்கெட்டின் உள்ளடக்கத்தை மாற்றும் ஓர் உத்தரவு, ஆயிரம் தன்னார்வலரின் தொண்டைத் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

நடை விஷயத்தில் புதுக்கோட்டைக்கு ஒரு தனிப்பெருமை உண்டு; அது சுகாதாரத் துறையின் ஏட்டில் இல்லை. 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வயலில் வேலை செய்யும் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் என்று, புதிதாய் ஓட்டக் கற்ற பெண்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியதாகக் கணக்கிட்டனர்; 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் திரண்டு ஊரை வியக்கவைத்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளையே வாங்கியவர்களுள் சிலர், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார்த்தி வைக்கலாம் என்று அதையே விரும்பினராம். இவர்களில் யாருக்கும், சைக்கிள் மிதித்தால் இருதயம் வலுப்படும் என்று எவரும் உபதேசிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், குடத்தை வைத்து நீர் கொண்டுவரலாம், விளைந்ததைச் சந்தைக்குத் தாமே எடுத்துப் போகலாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை: இவைதாம் அவர்கள் கண்ட பிரயோஜனம். அதனால் மாரடைப்பு குறைந்தது என்று வாதிட நான் வரவில்லை. வைத்தியர்கள் ஆண்டுக்கணக்கில் கெஞ்சியும் பெற முடியாத உடலுழைப்பை, வேறொன்றை விரும்பிய பெண்கள் கேளாமலே கொடுத்தார்கள் என்பதை மாத்திரம் குறிக்கிறேன்.

இன்று அரசாங்கம் 2023 நவம்பர் முதல் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை குறித்து, நடக்க வாருங்கள் என்று அழைக்கிறது. புதுக்கோட்டை நகரத்தில் புதுக்குளக் கரையைச் சுற்றி நடப்போருக்கு அது ஏற்றதே. திருமயத்துப் பக்கத்து ஆத்தாவுக்கு எட்டுக் கிலோமீட்டர் பாதை எட்டாத பாதை.

தன்னார்வலர் மோர்ச் செம்பை வைத்துவிட்டுத் தம் ஸ்கூட்டியில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியபின், மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், டயரில்லாத இரண்டு சக்கரங்களோடு, கைப்பிடியில் தும்புக்கயிறும் இருக்கையில் காய்ந்த கடலைக்கொடிக் கட்டும் சுமந்து சாய்ந்து நின்ற ஒரு பழைய சைக்கிளைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டேன்.

“என்னோடதுதான். அறிவொளியில ஓட்டப் பழகுனது. எம்மவன் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன், கல்லுக்குழிக்கு.”

“இப்ப ஓட்ட வருமா?”

“அது மறக்குமாக்கும்? லாரிக்காரன் ரோட்ட விட்டா ஓட்டலாம்.”

சொல்லிக்கொண்டே உள்ளே போனவர், மாத்திரை அட்டைகளை அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடியின் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். அங்கே வைத்தால்தான் மூன்று வேளையும் தவறாமல் கண்ணில் படுமாம்.